என் பக்கத்தில் நிற்பவள்

என் கணவருக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி நான். இன்னொருத்தியை நான் பார்த்ததே இல்லை. அவள் எப்போதும் என் பக்கத்தில்தான் நிற்பாள் என்று அவர் சொல்லிக் கேள்வி.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் தொடங்கிய கேலி அது. அவர் போர் விமானம் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பறந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவார். படியேறி வந்து, கதவைத் திறந்துகொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, "அடடா, ரெண்டு பொண்டாட்டி நிக்கிறாங்களே, எவகிட்ட பையைக் கொடுக்கிறது?" என்பார். உடனே இடது கண்ணை மூடிக்கொள்வார். "ம், அவ போயிட்டா. இப்ப வீட்டுக்காரி மட்டும்தான்." கண்ணடித்துக்கொண்டே வீட்டுக்குள் வருகிற புருஷனை எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது? எனக்குத் தலைகால் புரியாது.

எனக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அந்த இன்னொருத்தியை வீட்டில் சேர்த்துக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால், "நான் இல்ல, என் சக்களத்தி வேடிக்கை பார்த்துட்டு நின்னா" என்பேன். அவர் ஆசையாக வாங்கி வந்த செருப்பு எனக்குச் சேரவில்லை என்றால், "இது அவ கால் அளவு, அவளுக்கே போட்டு விடுங்க" என்பேன். மகள் பிறந்து பேச்சு வந்ததும் அவளுக்கும் சொல்லிக் கொடுத்தார்: அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது சின்னம்மா. அந்தக் குட்டி பள்ளிக்கூடத்தில் போய், "எங்க வீட்டுல சின்னம்மா இருக்காங்க, ஆனா அப்பா கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாங்க" என்று சொல்லி வைத்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அதை வந்து சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கண்ணில் ஏதோ சின்னக் குறை இருந்தது எனக்குத் தெரியும். படையில் சேரும்போதே அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனுஷன் அசரவில்லை. மேலே முறையிட்டு, மறுபடி மறுபடி கண்ணைக் காட்டி, மருத்துவ விலக்கு வாங்கித்தான் விமானத்தில் ஏறினார். குறை இருக்கிறது, ஆனாலும் ஓட்டலாம் என்று அவர்கள் கொடுக்கும் அனுமதி அது. வருடத்துக்கு ஒருமுறை போய் மறுபடி கண்ணைக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் 'கண் நாள்' என்று பெயர்.

கண் நாளுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும். திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிடுவேன். டிவி கிடையாது. அழைப்பு மணிக்கான சுவிட்சை அணைத்துவிடுவேன். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு அவர் பகலெல்லாம் படுத்திருப்பார். நானும் மகளும் நுனிக்காலில் நடப்போம். மறுநாள் போய் எல்லாவற்றிலும் தேறிவிட்டு வருவார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்பார், வருடா வருடம். ஓய்வெடுத்த கண்ணைத்தான் அவர்கள் பார்த்தார்கள், களைத்த கண்ணை நான்தான் பார்த்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அவர் போன நாள் காலையில் வெயில் எங்கள் கூரைக்கு மேலிருந்து நேராகத் தெருவில் அடித்தது. அவர் கீழே வண்டிக்குப் பக்கத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் பால்கனியில் நின்றேன்.

"ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க" என்றார். இடது கண்ணை மூடினார்.

"அவ தொல்லை தாங்கல. அவளையும் கூட்டிக்கிட்டே போயிடுங்க!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

அன்று சாயங்காலம் விமானம் ஓடுதளத்தில் இறங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்று நிலத்தில் இறங்கி, ஒரு கால்வாய்க் கரையில் மோதி எரிந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். இயந்திரத்தில் கோளாறு இல்லை. விசாரித்தவர்கள் காரணம் புலப்படவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அவரோடு பறந்த நண்பர் ஒருவர் உண்டு. ஆள் உயரம், அதனால் எல்லாருக்கும் அவர் நெட்டை. துக்கம் விசாரிக்க வந்த நெட்டை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நல்லாத்தான் இறக்கினான் தங்கச்சி. சக்கரத்தைப் போட்டு, வேகத்தைக் குறைச்சு, நேரா, கச்சிதமா இறக்கினான். ஓடுதளம் இருக்கிற மாதிரியே இறக்கினான். அங்க ஓடுதளம் இல்ல, அவ்வளவுதான்." பாவம், அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சின்னம்மா பேச்சே எழவில்லை. நான் சொன்னபடியே அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று இருந்துவிட்டேன்.

வீட்டிலேயே உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கண் பார்ப்பது என் வேலை இல்லை. அதற்குப் படித்த பெண் ஒருத்தி உள்ளறையில் இருக்கிறாள். வருகிறவர் மூக்கில் பிரேம் உட்காருகிறதா, காதை அழுத்துகிறதா என்று பார்த்து, சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது என் வேலை. கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்பேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மகள் வளர்ந்தாள். விமானப்படைக்குத்தான் போவேன் என்றாள். "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று சிலர் மெச்சினார்கள். "கொஞ்சமாவது பயம் இருக்கா உனக்கு?" என்று என் நாத்தனார் கேட்டாள். "இருந்த பயமெல்லாம் செலவாயிடுச்சு" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எனக்கு அவள் பறக்க வேண்டும். அவர் இறங்காமல் விட்ட இடத்தில் அவளாவது ஒழுங்காக இறங்கிக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவளுக்கு அவருடைய கண்ணடிப்பு அப்படியே வந்திருந்தது. ஓடிக் களைத்து வந்தால், வெயில் முகத்தில் அடித்தால், என்னைப் பார்த்து இடது கண்ணை மூடி ஒரு சிரிப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பது போலவே இருக்கும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் வருகிற வேளை பார்த்து பால்கனியில் போய் நிற்பேன். செத்தவரைத் திரும்பப் பார்க்கக் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்?

தேர்வு, நேர்காணல், ஓட்டம், எல்லாவற்றிலும் தேறினாள். கண்ணில் வந்து நின்றது. அப்பாவுக்கு இருந்த அதே குறை. பார்வை துல்லியம்தான், ஆனால் களைத்தால் இடது கண் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கிறது, மூளை அதைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது என்றார்களாம். இப்போதைக்குத் தகுதியில்லை, பயிற்சி செய்துவிட்டு வா, விலக்கு கொடுக்கலாமா என்று மறுபடி பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் அழுவாள் என்று பார்த்தேன். "அப்பாவுக்குக் கொடுத்தாங்க, எனக்குக் கொடுக்க மாட்டாங்களாம்மா?" என்று சிரித்தாள். தினமும் ஒரு பேனாவை நீட்டிப் பிடித்து, அதன் முனையையே பார்த்தபடி மூக்கு வரைக்கும் கொண்டுவருவாள். பார்க்க, பேனாவை முறைத்து மிரட்டுவது போல இருக்கும். "அது என்னடி பாவம் பண்ணுச்சு?" என்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் தன் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அவர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"இவர் கண்ணை நல்லா பாருங்க. பஸ்ல ஏறுற பொம்பளைங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறாராம். நேத்து ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டா. கண்டக்டர் வந்து என்கிட்ட சொல்றார். மானம் போகுது."

"சத்தியமா நான் கண்ணடிக்கல. வெயில் கூசுது, மூடுறேன்" என்றார் டிரைவர்.

"ஆம்பளைங்க ஏறும்போது வெயில் கூசாதா?"

கடையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். உள்ளறைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனாள். கதவு திறந்தே இருந்தது. கரண்டி போன்ற ஒரு கறுப்புத் தகட்டால் அவருடைய ஒரு கண்ணை மறைத்தாள், எடுத்தாள், மற்ற கண்ணை மறைத்தாள், எடுத்தாள். மறுபடி ஒருமுறை மறைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அந்தச் சுவத்துல இருக்கிற விளக்கைப் பாருங்க. எத்தனை விளக்கு தெரியுது?"

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாம சொல்லுங்க."

"ரெண்டு."

"இது எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாவே இருக்கும்மா. காலையில ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் ஆச்சுன்னா ரோடே ரெண்டா தெரியும். ஒரு கண்ணை மூடினா ஒண்ணு போயிடும். அப்புறம் ஒண்ணுதான்."

"யோவ், என்கிட்ட ஏன்யா சொல்லல?" என்றாள் அவர் மனைவி. அவள் குரலில் இருந்த சண்டை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சொன்னா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கல்ல?"

நான் ஒரு பிரேமைச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒண்ணு போயிடும், அப்புறம் ஒண்ணுதான். அவ போயிட்டா, இப்ப வீட்டுக்காரி மட்டும்தான். இரண்டு குரலும் ஒரே குரலாகக் கேட்டது. கையிலிருந்த பிரேம் உருகி வளைந்து தொங்கியதைப் பக்கத்தில் இருந்தவள் கத்திய பிறகுதான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் உள்ளறைக்குப் போனேன். "ஏம்மா, ரெண்டா தெரியும்போது எது நிஜம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த நேரத்துல தெரியறது கஷ்டம்க்கா. அதான் பழகிப் போய் ஒரு கண்ணை மூடிக்கிறாங்க. மூட மறந்தாங்கன்னா இல்லாததைப் பிடிக்கப் போவாங்க. காபி டம்ளர்னா பரவாயில்ல. இவர் பஸ் ஓட்டுறார்."

ஓடுதளம் இருக்கிற மாதிரியே இறக்கினான். அங்க ஓடுதளம் இல்ல, அவ்வளவுதான்.

அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். பாவி மனுஷா, தினமும் வாசலில் நின்று உண்மையைத்தானே சொல்லியிருக்கிறீர்கள்? நானும் சிரித்துச் சிரித்துக் கேட்டிருக்கிறேனே. பொய் சொல்கிறவனைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பிடித்துவிடலாம். உண்மையைக் கேலியாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

அடுத்து வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கண்ணடிப்பு எனக்கானது இல்லை என்பதுதான் அது. அவர் ஆசையில் கண்ணை மூடவில்லை. எதிரே நின்ற இரண்டு பேரில் யார் நிஜம் என்று தெரிந்துகொள்ள மூடியிருக்கிறார். இத்தனை வருடம் நான் பத்திரமாக வைத்திருந்தது அதுதான், அதுவும் போயிற்று. தலையைத் தூக்கினால் கடைக் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் நான். ஒரு கண்ணாடியில் மட்டும் எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, என் உயரத்தில், என் சேலை நிறத்தில். இரண்டு கண்ணாடிகள் கோணலாக நின்றதால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் மொட்டை மாடிக்கு ஏறினேன், மகள் ஓடிவிட்டு வந்து அங்கே நின்றாள். சாய்ந்த வெயில் அவள் முகத்தில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் இடது கண் மூடியது. வழக்கமாக அந்த இடத்தில் என் மனது நிறையும். அன்று நிறையவில்லை.

"உனக்கு ரெண்டா தெரியுதாடி?"

"என்னது?"

"எதுவா இருந்தாலும். ரெண்டு ரெண்டா."

"இல்லவே இல்ல. யார் சொன்னது உனக்கு?"

"அப்ப எதுக்குக் கண்ணை மூடுற?"

அவள் சிரித்தாள். "அப்பா மூடுவார்ல. உனக்குப் பிடிக்குமேன்னுதான்மா."

அதற்குமேல் எதைக் கேட்பது? என் வாயை எதைக் கொடுத்து அடைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இல்லை, நிஜமாகவே எனக்காகத்தான் மூடுகிறாளோ? அப்படி இருந்துவிட வேண்டுமே என்று எனக்கு மனது அடித்துக்கொண்டது. அவளுடையது விளையாட்டு என்றால், அவருடையதும் விளையாட்டாக இருந்திருக்கலாம் அல்லவா?

"ரெண்டா தெரிஞ்சா விலக்கு கொடுப்பாங்களா?" என்றேன்.

"மாட்டாங்க. இப்ப இல்லாம பின்னால தெரிஞ்சாலும் அன்னிக்கே போய்ச் சொல்லிடணும். சொன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது." படபடவென்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடிக்கப் போன அவள் கை ஒருமுறை வெறும் காற்றைப் பிடித்தது போல இருந்தது. அவசரத்தில் போனவள், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு பரிசோதனைக்கு முந்தின நாள் வந்தது. "நாளைக்குக் கண் நாள்மா" என்றாள். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் எழுந்து போய்த் திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். மணிக்கான சுவிட்சை அணைத்தேன். என் கைகள் தம்பாட்டுக்கு எல்லாம் செய்தன. நட்ட நடுப் பகலில் வீடு இருட்டிக் கிடந்தது. கூடத்து சோபாவில் ஓரமாக உட்கார்ந்தேன். எதற்கு ஓரமாக உட்கார்ந்தேன் என்று பிறகுதான் யோசித்தேன். யாருக்கோ இடம் விட்டது போல இருந்தது.

"உன்னைத்தான் அவரோட அனுப்பிட்டேனே, ஏன் திரும்ப வந்த?" என்று மெதுவாகக் கேட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். பதில் வராது என்று தெரிந்தே கேட்பதுதானே இதெல்லாம். ஆனால் பக்கத்தில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் அசைந்தால் அவள் அசைவாள் போல. திரைச்சீலையை விலக்கி, டிவியை அலறவிட்டு, மகளை எழுப்பி உட்கார வைத்திருந்தால் மறுநாள் அந்தக் கண் தன் குட்டைத் தானே உடைத்திருக்கும். நான் செய்யவில்லை. எனக்கு அவள் பறக்கவும் வேண்டும், எரியாமல் இருக்கவும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

படையின் மருத்துவமனையில் கண் பிரிவு ஒரு நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. நடைபாதையின் இந்த முனையில் பெரிய ஜன்னல், அதன் கீழே ஒரு பெஞ்சு. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் போனவள் வெகுநேரம் வரவில்லை. கண்ணை மறைத்துப் பார்ப்பார்கள், முக்கோணக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள், இருட்டு அறையில் சிவப்புக் கோட்டைக் காட்டி அது விளக்குக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். ஜன்னல் வெயில் மெல்ல இறங்கி என் முதுகுக்கு வந்தது.

முதலில் வெளியே வந்தது டாக்டர். என் வயதுதான் இருக்கும். சீருடைமேல் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதானே அம்மா? நல்லா பண்ணியிருக்கா. கண்ணு விலகப் பார்க்குது, ஆனா இழுத்துப் பிடிச்சுக்குது. விலக்கு கொடுக்கலாம்னு சிபாரிசு பண்ணப் போறேன்."

"சந்தோஷம் டாக்டர்" என்றேன்.

"வழக்கமா குடும்பத்துக்காரங்ககிட்ட கேக்க மாட்டோம். நீங்க வெளியில உட்கார்ந்திருக்கீங்களேன்னு கேக்கறேன். ரெண்டா தெரியுதுன்னு வீட்டுல எப்பவாவது சொல்லியிருக்காளா?"

"அவ சொன்னதில்ல."

அது பொய் இல்லை. அதுதான் நெஞ்சில் எரிந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கூப்பிட எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அந்தக் கோடியில் பரிசோதனை அறையின் கதவு திறந்தது. மகள் வந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஓடிவருவாளே, அதே சிரிப்பு. காலையிலிருந்து படாத பாடு பட்ட கண்கள் சிவந்திருந்தன. பாதி தூரம் வந்ததும் ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. நடை நின்றது. இடது கண் மூடியது.

அவர் நின்றார் அங்கே. சத்தியமாக அவர்தான் நின்றார். கையில் பையோடு, எவளிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

"இங்க எத்தனை அம்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மாவே தாங்க முடியல." சிரித்தாள்.

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லு."

"அம்மா..."

"திறடி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்கு மட்டும் சொல்லு. உங்கப்பா என்கிட்ட தினமும் சொன்னார், எனக்குக் காது இல்லாம போச்சு. இப்ப இருக்கு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தாள். இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன. பிறகு இடது கண் மட்டும் மெல்ல, யாரோ கூப்பிட்டது போல, வெளிப்பக்கமாக நகர்ந்து போனது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில், பெஞ்சில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் கோணியது, அழுகைக்கு முன்னால் குழந்தையில் கோணுமே, அது போல.

"சின்னம்மாவும் அழறாங்கம்மா" என்றாள்.

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பையைக் கீழே வைத்தாள். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். டாக்டரின் அறை வரைக்கும் நடந்து போய், ஒரு கணம் நின்று, கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "வா, கையெழுத்துப் போட்டுட்டே இருக்கேன்" என்ற குரல் கேட்டது. அவள் உள்ளே போனாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமல், பக்கத்து இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பலகை, சூடாகத்தான் இருந்தது.